கோல் கம்பத்தடியில் ஒரு குசினிக்காரன்

1. தடிகள்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பேல் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் முதலில் கண்டது, பார் மூலையில் சாத்தியிருந்த ஒரு கட்டுத் தடிகளை. இடுப்பளவு உயரம். அடிப்பக்கம் அகப்பை மாதிரி அகன்றிருந்தது. வெடிப்பு விழுந்த இடங்களில் தகரப் பட்டி அடித்திருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரில் நடந்தவற்றுக்குப் பயந்து ஓடிவந்து எனக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தகரம் அடித்த தடிகளைக் கண்டதும் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தேன். இதை வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்கு வரவில்லை.

உள்ளே குசினியில் தலைமைச் சமையல்காரர் அந்துவான் அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரிக் கத்தோலிக்கர், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். எங்கள் தெருவில் அப்போது கடை வைத்திருந்த தமிழர் சிலரே. அவர்தான் எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர்.

"அண்ணை, இவை என்ன ஆக்கள்? தடியெல்லாம் வைச்சிருக்கினம்."

"பயப்படாதப்பா. அது அவங்க ஊர் ஆட்டம். ஹர்லிங்னு பேரு. நம்ம பத்ரோன் அயர்லாந்துக்காரம்மா இல்ல? ஞாயித்துக்கிழமையானா அவங்க ஆளுங்கள்லாம் சேந்து அடிச்சிக்குவாங்க."

"பந்தையோ ஆளையோ?"

"ரெண்டையும்தான்."

பத்ரோன் என்று அவர் சொன்னது எங்கள் முதலாளி மதாம் நோராவை. விதவை. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற எங்கள் தெருவின் மேல் முனையில் இருந்த அந்தப் பாரும் உணவகமும் அவருடையவை. அவருடைய கணவர் தொடங்கி வைத்த விளையாட்டுக் கழகமும் அவர் தலையில்தான் இருந்தது. மதாம் என்னோடு பேசியது பிரெஞ்சில். எனக்குள் அது எங்களுடைய தமிழாகத்தான் நிற்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

ஊரில் நானும் ஒரு விளையாட்டுக் கழகத்தில் பந்து அடித்தவன். எங்கள் கழகத் தலைவர் மாலை போட்டுக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் இருப்பார். எழும்புவது பரிசு கொடுக்க மட்டும். இங்கே நான் முதன்முதலாக மைதானத்துக்குச் சாப்பாட்டுச் சட்டி தூக்கிக்கொண்டு போனபோது, உடை மாற்றும் அறைப் பக்கம் ஒரு பெண் முழங்காலில் இருந்து கக்கூஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். மதாம் நோரா. கையில் இருந்த சட்டியைப் போட்டுவிடப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறாய்? வாற ஆக்களும் மனுசர்தானே" என்றார்.

அங்கே ஒருவருக்கும் ஒரு சதம் சம்பளம் இல்லை. கட்டட வேலை செய்கிறவர், ஆஸ்பத்திரியில் தாதி, வங்கியில் இருக்கிற பெண், எல்லோரும் கிழமை முழுக்க உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இலவசமாக உழைக்க வந்தார்கள். வங்கிக்காரப் பெண் அணியின் சட்டைகளை எல்லாம் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்தாள். விரல் முறிந்தவனுக்குத் தாதி கட்டுப் போட்டுவிட்டாள். அவன் கட்டோடு திரும்ப உள்ளே ஓடினான். இவர்களுக்கு மூளை பிசகிவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

2. இரண்டு போத்தல்கள்

மதாமின் கணவர் பெயரில் ஒரு கோப்பை இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை லண்டனில் இருந்து இன்னொரு அயர்லாந்துக் கழகம் வந்து அதற்காக ஆடும். முந்திய வருடம் அவர்கள் வென்று கொண்டுபோய்விட்டார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கோப்பை வைத்திருப்பவரிடமே நிற்கும். எனவே இந்த முறை மதாமுக்கு வெற்றி வேண்டும். பார் அலுமாரியில் கோப்பை இருந்த இடத்தில் வேறு எதையும் வைக்க அவர் விடவில்லை.

எனக்கும் அந்தக் கிழமை ஒரு வெற்றி வேண்டியிருந்தது. அதுவரை நான் தற்காலிகம். திங்கட்கிழமை நிரந்தரக் கொந்த்ராவில் கையெழுத்து வைப்பதாக மதாம் சொல்லியிருந்தார். அந்த ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் ஊரில் இருக்கும் மனைவியைக் கூப்பிடுகிற அலுவலைத் தொடங்கலாம். அவளுக்குக் கடிதமும் போட்டுவிட்டேன், சரிவந்தது போலத்தான் என்று.

சனிக்கிழமை மதாம் குசினிக்கு வந்து எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களிட்டை வெள்ளைக் கோட்டு இருக்குத்தானே?"

அவர்களுடைய ஆட்டத்தில் கோல் கம்பத்துக்கு ஒருவராக வெள்ளைக் கோட்டுப் போட்ட துணை நடுவர்கள் நிற்க வேண்டும். ஒரு முனையில் நிற்க லண்டன்காரர் தங்கள் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். மற்ற முனைக்கு வழக்கமாக நிற்கிற இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். சமையல்காரர் கோட்டும் வெள்ளைதானே என்பது மதாமின் கணக்கு.

பாரில் இரண்டு பியர்ப் போத்தலை நிறுத்தி அவர் விளக்கினார். இவை கம்பங்கள். குறுக்கே வைத்த கரண்டி, குறுக்குச் சட்டம். பந்து கரண்டிக்குக் கீழே உள்ளே போனால் கோல், பச்சைக் கொடி. கரண்டிக்கு மேலே, இரண்டு போத்தலுக்கும் நடுவால் போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. வெளியே போனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் போட வேண்டும். இவ்வளவும் கேட்டேன். அதற்குள் குசினியில் இறைச்சி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. நான் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது மதாம் கையைக் கூரைப் பக்கம் உயர்த்தி ஏதோ சொல்லி முடித்துக்கொண்டிருந்தார். அந்துவான் அண்ணை தலையை ஆட்டினார். நானும் ஆட்டிவைத்தேன்.

3. குறுக்கே போட்ட கைகள்

புறநகரில் ஒரு றக்பி மைதானம். நான் வலப்பக்கக் கம்பத்தடியில், அந்துவான் அண்ணை இடப்பக்கத்தில். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு பந்து என் காதோரம் சீறிக்கொண்டு போனது. தோல் பந்து, கைக்குள் அடங்குகிற அளவு, ஆனால் கல்லுக் கணக்கு. வெளியே போனதற்குக் கை காட்ட மறந்து காதைத் தடவிப் பார்த்தேன். பார்த்திருந்தவர்கள் சிரித்தார்கள். தடியோடு தடி மோதுகிற சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடினேன். போகப் போகக் கொஞ்சம் பழகியது.

கடைசி நிமிடம். ஆட்டம் சமநிலை. பந்து மதாமின் மகன் டெக்லனிடம் வந்தது. நல்ல பிள்ளை. குசினிக்கு வந்தால் பாத்திரம் கழுவ ஒரு கை கொடுப்பான். தூரத்தில் நின்றபடியே உயர்த்தி அடித்தான்.

பந்து என் பக்கமாக வந்தது. குறுக்குச் சட்டத்துக்கு மேலே, கம்பத்துக்கு உட்பக்கமாக. ஆனால் அவ்வளவு உயரம். கம்பத்தின் நுனியையும் தாண்டி மேலே போனது. அந்த உயரத்தில் கம்பமே இல்லை. கம்பம் இல்லாத இடத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவால் போனது என்று எப்படிச் சொல்வது? எனக்கு அந்தப் போத்தல்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

வெள்ளைக் கொடி என் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்துத் தூக்கினால் மதாமுக்குக் கோப்பை, எனக்குக் கொந்த்ரா, மனைவிக்கு விமானம். மைதானமே என்னைப் பார்த்தது. அந்துவான் அண்ணையும் பார்த்தார். ஏழையாக இருந்தாலும் பொய்க் கொடி தூக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் போட்டேன்.

நடுவர் ஓடி வந்தார்.

"நிச்சயமோ?"

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். தலை ஆட்டியதில் அவருக்கு விளங்கிவிட்டது. விசிலை ஊதினார். கோப்பை திரும்ப லண்டனுக்கு.

அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். எல்லோர் கையிலும் தடி வேறு. ஆனால் எங்கள் அணிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து எனக்குக் கை தந்தார்கள். "நன்றி, நடுவரே" என்றார்கள். டெக்லனும் தந்தான். முகத்தில் வியர்வையும் சேறும், கண் சிவந்திருந்தது. ஆனால் கையை ஒழுங்காகப் பிடித்துத்தான் குலுக்கினான். என் நேர்மையை இவர்கள் மதிக்கிறார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

4. குசினியில்

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். லா சப்பேலுக்குத் திரும்பி ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டிருந்தோம்.

"வெயில் நேரா கண்ணுல அடிச்சுது தம்பி. உன் பக்கம்தானன்னு விட்டுட்டேன்" என்றார் அந்துவான் அண்ணை. "எவ்ளோ தள்ளி போச்சு?"

"தள்ளிப் போகேல்லை அண்ணை. உள்ளுக்காலைதான் போனது. ஆனால் கம்ப நுனிக்கும் மேலாலை."

அவர் கையில் இருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

"அடப்பாவி. கம்பம் முடிஞ்சாலும் அதுக்கு மேல வானம் வரைக்கும் கம்பம் இருக்கிற மாதிரியே கணக்குன்னு அந்தம்மா நேத்து கையத் தூக்கி சொல்லலியா? அது புள்ளி."

அரிசி மூட்டையில் இருந்துவிட்டேன். செத்துப்போன மனிதனின் கோப்பையை நான் லண்டனுக்குக் கொடுத்துவிட்டேன், அதுவும் நீதிமான் என்ற நினைப்போடு. வெளியே லண்டன்காரர்கள் பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொரு வரியும் என்னைத்தான் சொல்கிறது போல இருந்தது.

மதாம் வெறும் தட்டுகளோடு உள்ளே வந்தார். நான் எழும்பி நின்று சொல்லிவிட்டேன், தெரிந்த பிரெஞ்சு, தெரியாத பிரெஞ்சு எல்லாவற்றிலும்.

"தெரியும். நான் கோலுக்குப் பின்னாலைதானே நிண்டனான்" என்றார்.

"அப்ப ஏன் மதாம் பேசாமல் இருந்தனீங்கள்?"

"உன்னைக் கோட்டுப் போட்டு நிப்பாட்டினது நான். நீ கையைக் குறுக்காய்ப் போட்டால் அது வெளியாலை போனதுதான். நான் வாய் திறந்தால், அடுத்த கிழமை ஆர் வந்து அந்தக் கம்பத்தடியிலை நிப்பினம்?"

"டெக்லனுக்குத் தெரிஞ்சால்..."

"அவனுக்குப் பந்து தடியிலை பட்ட உடனையே தெரியும். எல்லாருக்கும் தெரியும், யோகன்."

எல்லாருக்கும். ஒருவர் மிச்சமில்லாமல் வந்து கை தந்தவர்கள் எல்லோரும், நான் செய்தது பிழை என்று தெரிந்துகொண்டுதான் தந்தார்கள்.

"பிறகு ஏன் எனக்கு நன்றி சொன்னவை?"

மதாமுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. தட்டுகளைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லீவு நாளிலை வந்து நிண்டனி. அதுக்குத்தானே நன்றி."

திங்கட்கிழமை காலை கொந்த்ராவில் கையெழுத்து வைத்தார். கோட்டையும் திருப்பித் தந்தார். வங்கிக்காரப் பெண் அணியின் சட்டைகளோடு சேர்த்து அதையும் தோய்த்து, மடித்துக் கொடுத்திருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கொண்டு வா. அதே கம்பம்தான்" என்றார் மதாம்.

பிற்காலத்தில் நானே ஒரு குசினிக்குத் தலைவனானேன். கீழே வேலை செய்தவர்கள் உப்பைக் கூட்டியிருக்கிறார்கள், சட்டியைக் கருக்கியிருக்கிறார்கள். சாப்பிட வந்தவர்கள் முன்னால் நான் ஒருவரையும் ஒரு சொல் சொன்னதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பிழையைச் சொல்லுவேன், அடுத்த நாள் அதே அடுப்பை அவர்களிடமே கொடுப்பேன். எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. நன்றாக வரும். வருகிறபோது அந்தச் சேறு பிடித்த கைகள் ஒவ்வொன்றாக என் முன்னால் நீளும். அதற்குப் பிறகு எதைப் பேசுவது?