எச்சரிக்கை அக்காவின் ஏழாவது வரி

எங்கள் தெருவில் ஒரு வதந்தி. வீடியோ கேம் பெட்டியோடு வரும் எச்சரிக்கைப் புத்தகத்தை எழுதுகிற அக்கா, விளையாடிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடுகிறாராம். உடம்பு நாற்காலியில்தான் இருக்குமாம், ஆள் இருக்கமாட்டாராம். அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தவர் யாரையும் நான் கண்டதில்லை. அதை எழுதவும் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குச் செய்தி. பார்த்துவிடலாம் என்று மூன்றாம் மாடி ஏறினேன்.

ஜன்னல் திரை இழுத்து மூடிய அறை. பெரிய டிவி. அக்காவின் கட்டைவிரலில் பிளாஸ்திரி. பதினோரு வருடமாக இதே வேலை. தன் உடம்பில் பார்க்காத எதையும் எழுதமாட்டார். கம்பெனி கேட்கவில்லை, அவருடைய பிடிவாதம். மணிக்கட்டு வலிக்கும் என்று எழுத, வலிக்கும்வரை ஆடினார். தலைசுற்றும் என்று எழுத, சுற்றி விழுந்தார். எழுந்து வந்து எழுதினார்.

“அந்தப் புத்தகத்துல இவளுக்கு வராத வியாதியே இல்ல சார்,” என்றார் அக்காவின் வீட்டுக்காரர். கையில் ஸ்டாப் வாட்ச்.

“ஏன் இல்ல, ஒண்ணு இருக்கே,” என்று அக்கா எச்சரிக்கைப் பட்டியலை நீட்டினார். ஏழாவது வரி: ‘மின்னும் ஒளியால் சிலருக்குச் சில நொடிகள் நினைவு தப்பலாம்.’ பக்கத்தில் அவர் கையெழுத்தில், ‘எனக்கு நேரவில்லை.’

“இந்த வரிய எடுத்துடப் போறேன். நாளைக்கு அச்சுக்குப் போகுது. நீங்களே உக்காந்து பாருங்க.”

ஆட ஆரம்பித்தார். திரை வெள்ளையும் சிவப்புமாக வெட்டியது.

“சிலருக்கு வரும்ங்கறாங்க. எனக்கு—”

கட்டைவிரல் நின்றது. திரையில் ஒரு குட்டிச் சிப்பாய் சுவரில் முட்டி முட்டி நடந்துகொண்டிருந்தான். அக்காவின் கண்கள் திறந்தே இருந்தன, இமைக்கவில்லை. “அக்கா,” என்றேன். வீட்டுக்காரர் வாட்சைக் காட்டினார். நாற்பத்திரண்டு நொடி.

“—அப்படியெல்லாம் வர்றதில்ல,” என்று முடித்தார் அக்கா.

டிவியை அணைத்தேன். “அக்கா, இப்ப நீங்க...” என்று ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் கண்கள் மறுபடி நிலைகுத்தின. எதிரே ஒளியே இல்லை.

“அஞ்சு தடவ சொல்லியாச்சு சார்,” என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. “சரியா இந்த இடத்துல போயிடுவா. இன்னும் முழுசா கேட்டதே இல்ல. டாக்டர்கிட்ட போலாம்னா, எனக்கென்னங்கறா.”

அக்கா திரும்பி வந்தார். “என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“எழுதித் தர்றேன் அக்கா.”

“அதான் சரி. நான் எழுத்தைத்தான் நம்புவேன். சாயங்காலத்துக்குள்ள குடுங்க.”

அந்தச் சாயங்காலம் போய்விட்டது. அச்சகத்தில் எனக்காக அக்கா ஒரு நாள் தவணை வாங்கியிருக்கிறாராம். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான்; எதை எழுதினாலும் கிண்டல் என்றே படிப்பது இந்தத் தெருவின் பழக்கம். காகிதத்தில் ‘அக்கா, உங்களுக்கு’ என்பதுவரை எழுதியிருக்கிறேன்.