சத்தியசீலன் பியானோவை ஆராய்ந்த விதம்

கோல சிலாங்கூர் செம்பனை ஆலைக்குள் நுழையும் எந்த லோரியும் அங்கே தரம் பார்க்கும் சத்தியசீலனின் கண்ணுக்குத் தப்பியதில்லை. குலையைப் பார்த்த மாத்திரத்தில் பழமா காயா, எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். இப்பேர்ப்பட்டவர் ஒரு பியானோவிடம் ஏமாறலாமா?

மகள் துளசி புஞ்சாக் ஆலாமில் பியானோ கற்கிறாள். வீட்டில் இருப்பதோ பிளாஸ்டிக் கீபோர்டு. அதில் பழகிய விரலுக்கு நிஜப் பியானோவை அழுத்தப் பலம் போதாது, வீட்டில் ஒன்று வாங்கிப் போட்டால்தான் இந்த ஆண்டுத் தேர்வுக்குக் கொடுத்த பேரை விட்டுவைப்பேன் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

கிள்ளானில் ஒரு பியானோக் கடையில் சத்தியசீலன் கைக்கு எட்டிய விலையில் மூன்றே மூன்று நின்றன. ஒன்றின் நெற்றியில் ஜெர்மன்காரப் பேர், ஒன்றில் ஆங்கிலேயப் பேர், மூன்றாவதில் ஜப்பான் சாயலில் ஏதோ ஒன்று. எல்லாம் தங்க எழுத்து. சத்தியசீலன் டார்ச் அடித்தார், தட்டினார், மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார்.

“மோந்து பாக்க இது என்ன டுரியான் பழமாண்ணே?” என்றார் விற்பனையாளர் சேது.

“யாரு செஞ்சது? அதைச் சொல்லு.”

“மூணும் சீனாவுல ஒரே ஃபேக்டரிதாண்ணே. பேரு மட்டும் வேற.”

“அப்ப இந்த ஜெர்மன்காரன்?”

“அவரு செத்து எந்தக் காலமோ ஆச்சு. பேரை வித்துட்டாங்க.”

“ஒரே ஃபேக்டரிக்கு எதுக்குய்யா மூணு விலை?”

“உங்க ஆலையில எண்ணெய் ஒரே தொட்டியிலதானே நிக்குது? கடையில எத்தனை பேருல விக்கிறான்?”

சத்தியசீலன் டார்ச்சை அணைத்தார். சிவப்பு மூடி போத்தல் எண்ணெயைத் தவிர வேறெதையும் மனைவி உஷாராணி தொடமாட்டாள். குடும்ப அமைதியை முன்னிட்டு அவர் அந்த இரகசியத்தை இன்றுவரை காத்து வருகிறார்.

“அப்பா, நான் வாசிச்சுப் பாக்கட்டுமா?” என்றாள் துளசி.

“இரும்மா. வாசிக்கிறது எப்ப வேணா வாசிக்கலாம். மொதல்ல செஞ்சவன் யாருன்னு தெரியட்டும்.”

விசாரணை இணையத்தில் தொடர்ந்தது. அந்தத் தொழிற்சாலைக்குச் சுத்தியல் ஓரிடத்திலிருந்து வருகிறது, கம்பி இன்னோரிடம், கட்டைகள் வேறெங்கோ. தோண்டத் தோண்டச் செய்தவன் பின்னால் நகர்ந்துகொண்டே போனான். நகராதது தேர்வு மட்டுமே. சனிக்கிழமைக்குள் பியானோ வாங்காவிட்டால் தேர்வுப் பட்டியலிலிருந்து துளசியின் பேரை எடுத்துவிடுவதாக ஆசிரியை செய்தி அனுப்பினார்.

சனிக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போனால் இரண்டில் ‘விற்றாகிவிட்டது’ அட்டை தொங்கியது. மிச்சம் ஜெர்மன்காரர்தான்.

“இதையாவது எடுங்க. மாப்பிள்ளையா பாக்க வந்தீங்க?” என்றாள் உஷாராணி.

“அஞ்சே நிமிசம்.”

கீழ்ப்பலகையைக் கழற்றச் சொல்லி, தரையில் மல்லாந்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். பொறுமை போன துளசி உட்கார்ந்து தேர்வுப் பாடத்தை வாசித்தாள். ராவாங்கிலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு தம்பதி நின்று கேட்டார்கள். பியானோவுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைக் கடையின் டெக்னீஷியனுடையவை என்று நினைத்தார்கள்.

“அங்கிள், இது எப்படி? நம்பி எடுக்கலாமா?”

குனிந்து நின்று ஒருவர் தம் அபிப்பிராயத்தைக் கேட்கிறார். வீட்டில் நடக்காத அதிசயம். சத்தியசீலனின் நாக்கு அவரை முந்திக்கொண்டது.

“தாராளமா எடுக்கலாம். பேருதான் ஜெர்மன், சரக்கு சீனா. ஆனா உள்ள சுத்தம். இந்த விலைக்கு வேற கெடைக்காது.”

அவர் தலையை வெளியே இழுப்பதற்குள், கல்லாவில் இருந்த பெண் ராவாங் தம்பதியின் வங்கி அட்டையைத் தேய்த்து இரசீதும் கொடுத்துவிட்டாள்.

“நீங்களே வித்துக் குடுத்துட்டீங்களேண்ணே!” சேது தலையில் கைவைத்தார். “அடுத்த சரக்கு வர மூணு மாசம் ஆவும் லா.”

“இல்ல, நாங்க மொதல்லயே…” என்று தொடங்கினார் சத்தியசீலன். ராவாங்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்” என்றார். அவர் மகள் அதற்குள் பெஞ்சில் ஏறிவிட்டாள். எந்தக் கட்டையில் தொடங்குவது என்று துளசிதான் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

காரில் உஷாராணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. பின்சீட்டில் துளசி கைப்பேசியில் எதையோ தட்டினாள்.

“டீச்சருக்கு எழுதிட்டேம்பா. என் பேரை எடுத்துடச் சொல்லி. அனுப்பட்டுமா?”

சத்தியசீலன் சிக்னலின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பச்சையாயிற்று. பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள்.