பாயோடு கப்பலேறிய அக்கா

டெவன்போர்ட் துறையில் சாம்பல் நிறக் கப்பலொன்று கட்டியிருக்க, அதன் படியடியில் சுருட்டிய தாழம்பாயொன்றை மார்போடு அணைத்தபடி ஒருத்தி நின்ற நிலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. தொண்ணூறுகளில், என் மகள் நாங்கள் குடியேறிய நாட்டின் கடற்படையில் சேர்ந்த புதிதில், வீட்டு ஆட்கள் வந்து கப்பலைப் பார்க்கலாம் என்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை அது. படியடியில் நின்ற கடற்படைப் பெடியன் ஒரு மேசையைக் காட்டி, "அதை இங்கே வைத்துவிட்டு ஏறுங்கள்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அக்கா அசையவில்லை. பாயையும் விடவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

அக்கா என்று நான் சொல்வது மாசி என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பசிபிக் தீவுக்காரியை. என்னிலும் மூத்தவ. மன்னாரிலிருந்து சிறுபிள்ளையோடு வந்து, நியூ லின்னில் கடைகள் கூட்டித் துடைக்கும் வேலைக்கு நான் ஓடித்திரிந்த காலத்தில், மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து சோறு தீத்தி வளர்த்தது அவதான். எங்களுக்குள் கதை இங்கிலிஷில். இரண்டு பேருடையதும் அரைகுறை, ஆனாலும் சண்டை பிடிக்க அது காணும். நான் மீன்கறி வைத்தால் சட்டியை எட்டிப் பார்த்து, "செத்த மீனைத் தூள் போட்டு இன்னொருக்காக் கொல்லுறாய்" என்பா. "பச்சையாத் தின்னுற உனக்குக் கறியைப் பற்றி என்ன கதை?" என்பேன் நான். பிறகு இரண்டு கோப்பை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவா.

மகள் பள்ளிப்படிப்பை முடித்துக் கடற்படைக்குப் போகப்போகிறேன் என்றபோது நான் மறித்துப் பார்த்தேன். மன்னார்க் கரையில் பிறந்தவளுக்கு நேவி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேவிப் படகின் எஞ்சின் சத்தம் கேட்டதும் உயிருக்குப் பயந்து வலையை அறுத்துவிட்டுக் கரைக்கு வள்ளம் ஓட்டி வந்த ஆட்களைப் பார்த்தவள் நான். அக்காவிடம் போய், "உன்ர சொல்லைக் கேப்பாள், நீயாவது மறி" என்றேன். அன்றைக்குத்தான் அவ தன் கதையைச் சொன்னா.

அக்கா சிறுமியாக இருந்தபோது, பெரிய நாட்டுக்காரர் தூரத்துத் தீவொன்றில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். இவர்களுடைய தீவில் மாவைப்போல வெள்ளைச் சாம்பல் விழுந்தது. பிள்ளைகள் அதை அள்ளித் தலையில் பூசி விளையாடினார்கள். பிறகு தோல் எரிந்தது, வாந்தி வந்தது. தண்ணீரும் தேங்காயும் தாழம்பழமும் நஞ்சு. அப்போதுதான் நேவிக் கப்பல் வந்தது. ஒன்றையும் எடுக்கவேண்டாம், ஏறு, ஏறு என்றார்களாம். தாய் சுருட்டிக்கொண்டு வந்த பாயைக் கையிலிருந்து பிடுங்கிக் கரையில் எறிந்தார்கள். அக்கா சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: "அவை செய்தது பிழையெண்டு சொல்லமாட்டன். பாயும் நஞ்சுதான். அந்தக் கப்பல் வராட்டி நான் இல்லை. ஆனா ஏன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஆடு மாடு ஏத்தினமாதிரி ஏத்தினவை. அம்மா சாகுமட்டும் அந்தப் பாயைத்தான் கேட்டவ."

மறிப்பா என்று நான் நினைத்திருக்க, அக்கா வேறொன்று சொன்னா. "இவள் போகட்டும். இவளைப்போல ஒருத்தி அதில நிக்கவேணும். ஆனா நேவிக் கப்பலில நான் இனிமேல் கால் வைக்கமாட்டன்."

கப்பல் பார்க்கும் நாள் வந்ததும் மகள் அக்காவை விடவில்லை. "அன்ரி வராட்டி நான் அம்மாவையும் கூப்பிடமாட்டன்" என்று பிடிவாதமாக நின்றாள். அதற்காகத்தான் அக்கா வந்தா. ஒருவர் இருக்குமிடத்துக்கு வெறுங்கையோடு போவது அக்காவின் தீவுச் சனத்துக்கு வழக்கமில்லை, புதுவீடு போகிறவர்களுக்குப் பாய் கொடுப்பார்கள். மகளுக்குக் கப்பல்தானே இப்போது வீடு என்று, தன் கையால் இழைத்ததைக் கொண்டுவந்தா. வழியெல்லாம் பகிடி விட்டுக்கொண்டு வந்தவ, 'இங்கே வை' என்ற சொல்லைக் கேட்டதும் பாயை இன்னும் இறுக்கிப் பிடித்தா. "வா, வீட்டை போவம்" என்று நான் கையைப் பிடித்தேன்.

மேலேயிருந்து மகள் கண்டுவிட்டாள். வெள்ளைச் சீருடையோடு இறங்கி வந்து, முதலில் அந்தப் பெடியனிடம் ஏதோ கேட்டாள். பிறகு அக்காவுக்கு முன்னால் வந்து, அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, அவசரமே இல்லாமல் சொன்னாள்: "அன்ரி, படி செங்குத்து. ரெண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கவேணும். அதாலதான் வைக்கச் சொல்லுறவர். வேற ஒண்டும் இல்லை. எனக்குப் பழகின படி, பாயை நான் கொண்டுவரலாமோ எண்டு கேட்டனான், ஓம் எண்டவர். என்னட்டைத் தாறீங்களோ?"

அக்கா படியையும் கம்பியையும் பார்த்தா. "அவ்வளவுதானோ விஷயம்?" என்றா. "அவ்வளவுதான்" என்றாள் மகள். அக்கா பாயை நீட்டினா. என் மகள் அதைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து முன்னே ஏறினாள். அக்கா இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் ஏறினா. அவர்களுக்குப் பின்னால் நான். பெற்றவள் என்ற பெருமை எனக்கு முன்பும் இருந்தது, ஆனால் அந்தப் படியில் ஏறியபோது இருந்த பெருமைக்கு எந்தக் கப்பலும் காணாது.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டா. மகளுக்கு இப்போது தோளில் பதவிப் பட்டைகள் கூடிவிட்டன. புயலடித்த தீவுகளுக்கு அவளுடைய கப்பல் போகும்போது, சனத்தை ஏற்றமுதல் அவர்களை இருத்தி, எங்கே, ஏன் கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவாளாம். எங்கே படித்தாய் என்று நான் கேட்பதில்லை.

அன்றைக்கு மேல்தட்டில், ஓரமாக ஒரு இடம் பார்த்து அக்கா பாயை விரித்தா. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்மணம் கட்டி இருந்தா. சீருடைக்காரர் பாயை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். "என்னடி பாக்கிறாய்? இரு" என்று பக்கத்தில் தட்டிக் காட்டினா. நேவி என்றால் ஓடி ஒளிந்த நான், நேவிக் கப்பலிலேயே காலை நீட்டி இருந்தேன்.