நாலாவது தரம்

சிவராசா ஐரோப்பிய எல்லைகளில் நாலு தரம் பிடிபட்டவர். புத்தகத்தில் மூன்று தரம் என்று இருந்தது. பேர் போடாததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ‘ஓர் அகதி’ என்று எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். பட்ட பாட்டில் கால்வாசியை வெட்டிவிட்டாரே மனிதர் என்பதைத்தான் பதினேழு வருடமாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தார்.

எழுதியவர் பேராசிரியர் கோவிந்தராஜன். சென்னைக்காரர். கனடாவில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு, பக்கத்து ஊர் சென்ட்-ஆனில் அவர் படிப்பிக்கும் கல்லூரி. அந்தப் பக்கத்தில் கார் ஓட்டத் தெரியாத ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். பனியோ வெயிலோ, காலையில் சிவராசாவின் டாக்சி வாசலில் நிற்கும். முன் சீட்டில்தான் ஏறுவார். ஏறியதும் கேள்வி. எந்த எல்லை, என்ன மாதம், பொலிஸ் முதலில் எதைக் கேட்டான். பதில்களைக் கடை ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். ஐரோப்பா எப்படி ஒன்றானது என்பது அவருடைய ஆராய்ச்சி. அதுவரை அங்கே அவர் இருந்தது மொத்தம் பன்னிரண்டு நாள், அதுவும் மாநாட்டு ஹோட்டல்களில். சிவராசா இருந்தது ஏழு வருடம், அதில் பாதி அகதி முகாம்களில்.

புத்தகம் வந்ததும் கையெழுத்துப் போட்டு ஒன்று கொடுத்தார். சிவராசாவின் மகள் சாருஜா வாசித்து விளக்கினாள். மூன்று தரம். சிவராசா அதை அலுமாரிக்கு மேலே எறிந்தார். கேட்கப் போகவில்லை. கேட்டால், படிக்காதவன் பிழை பிடிக்கிறான் என்று நினைப்பார்.

போன வருடம் ஐரோப்பாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம், ஐரோப்பிய விழுமியங்களுக்கும் ஒருங்கிணைப்புக்கும் ஆற்றிய புலமைப் பணிக்காகப் பேராசிரியருக்குப் பரிசு அறிவித்தது. பாராட்டு விழா வைக்க இரண்டு தமிழ்ச் சங்கங்கள் கூடிப் பேசின. அழைப்பிதழில் யார் பேர் முதலில் என்பதில் பேச்சு முறிந்தது. ஒருங்கிணைப்பு அறிஞருக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு விழா. ஒன்றில் ‘ஐரோப்பாவை ஒன்றாக்கிய தமிழன்’ என்று பதாகை கட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் கொண்டுபோய் இறக்கியது சிவராசா. திரும்பும்போது பேராசிரியரின் மடியில் இரண்டு பொன்னாடை.

அன்றைக்குத்தான் சிவராசா வாய் திறந்தார்.

“சேர், நான் பிடிபட்டது நாலு தரம். நீங்கள் எழுதினது மூண்டு.”

கோவிந்தராஜன் கண்ணாடியைக் கழற்றிப் பொன்னாடையில் துடைத்தார். “தெரியும். நாலாவது அந்த பஸ்.”

ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனையை நீக்கி மூன்று மாதம் ஆகியிருந்த நேரம் அது. பட்டப்பகல். பஸ் எல்லையைத் தாண்டியதும் பொலிஸ் ஏறினான். வேறு ஒருவரையும் பார்க்காமல் நேரே சிவராசாவின் இருக்கைக்கு வந்தான்.

“எல்லையே போயிடுச்சுன்னு ஒரு அத்தியாயம் பூரா எழுதிட்டேன். உங்க பஸ் அதுக்குள்ள வர மாட்டேன்னுது. விட்டுட்டேன்.”

“அப்ப பிழை என்ர பயணத்திலயோ?”



அடுத்த மாதம் பேராசிரியருக்கு நெஞ்சு வலி. விமானம் ஏறக் கூடாது என்றார்கள். பரிசை வாங்கி உரையை வாசிக்க மகன் அர்ஜுன் போவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி பேராசிரியர் சிவராசாவை அழைத்தார். உரையில் அந்த பஸ்ஸையும் சேர்த்து நாலு தரம் என்றே எழுதிவிட்டாராம்.

“அர்ஜுன் அந்த இடத்தை விட்டுடுவான். சபை சங்கடப்படும்னு பார்ப்பான். என் புள்ளதானே. நீங்க கூடப் போங்க.”

அந்த மண்ணை இனி மிதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருப்பதாகச் சிவராசா சொன்னார். போனாலும் மேடை இங்கிலிஸ் தனக்கு விளங்காது என்றார்.

பேராசிரியர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்.

“த்ரீக்கும் ஃபோருக்கும் வித்தியாசம் தெரியுமில்ல? முன் வரிசைல உக்காருங்க. அவன் த்ரீன்னு சொன்னா, எழுந்து நில்லுங்க.”