உறைந்த தேங்காயெண்ணெய்

சூசைதாசன் மாமா ஒடென்சே என்ற ஐரோப்பியக் குளிர்நகரில் மீன் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர். மருமகன் றொனிஷன் அடித்து மகள் நிறோஷினியின் இடது காது செவிடான பிறகு, களவாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மாமிக்குத் தெரியாமல் அதைக் காரின் பின்பெட்டியில் ஒளித்தார். அங்கிருந்த ஈரத்தில் துரு ஏறத் தொடங்கியது. ஹீட்டரின் மேல் வைத்து உருக்கிய தேங்காயெண்ணெயை உள்ளும் புறமும் பூசினார். எங்கள் வீடுகளில் தலைக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான்.

தை மாதம், நிறோஷினியின் கையும் முறிந்த அன்று, றொனிஷனின் வாசலில் நின்று அவன் நெஞ்சுக்கு நேரே விசையை இழுத்தார். காரின் குளிரில் எண்ணெய் மெழுகாக உறைந்திருந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை.

"என்ன மாமா, விளையாட்டுச் சாமானோ?" என்று றொனிஷன் சிரித்தான். மாமா அந்த இரும்பாலேயே அவன் முகத்தில் அடித்தார். பற்கள் சிதறி, தாடை தொங்கிய பிறகும் அடித்தார்.

சிறையில் அவரைப் பார்க்கப் போனேன்.

"எங்கட குடும்பத்தில முதல் எஞ்சினியர் நீதானேடா. என்ன எண்ணெய் பூசியிருக்கோணும்?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்தத் தவறால்தான் றொனிஷன் உயிரோடு இருக்கிறான். அதற்காக நான் மகிழத்தான் வேண்டும். ஆனால் நிறோஷினியோடு கதைக்க அவளுடைய வலது பக்கமாக மாறி உட்காரும்போதெல்லாம், அந்த மகிழ்ச்சி எனக்கு வருவதில்லை.