மூடியின் வெள்ளைப் பக்கம்

மலைச் சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்தில் முதலில் போகிறவருக்குத்தான் பேர், புகழ், போட்டோ எல்லாம். கடைசியில் வருகிறவருக்குப் புழுதி. அந்தப் புழுதியை வருஷக்கணக்கில் தின்றே தொப்பை வளர்த்தவர் வாலு. கூட்டத்தின் வாலில் வருவதால் கிடைத்த பேர் பாதி, சேட்டை செய்து சம்பாதித்தது மீதி. தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் யார் பையிலாவது கூழாங்கல்லை நுழைத்துவிடுவார். ஆள் மேட்டை ஏறி முடித்து நாக்குத் தள்ளி நிற்கும்போது பக்கத்தில் போய், "என்ன தம்பி, வீடு கட்ட இங்கிருந்தா கல்லு கொண்டு போறீங்க?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

வேலையில் மட்டும் விளையாட மாட்டார்.

பாதை, சைக்கிள் ஷெட்டின் பின்பக்கம் தொடங்கும். சூரியகாந்தி வயலை ஒட்டிப் போய், ஆடு மேயும் சரிவில் ஏறி, கைவிட்ட கல்குவாரியை வளைந்து, பைன் மரக்காட்டுக்குள் இறங்கி, ரயில் பாலத்துக்கு அடியில் எல்லோரையும் தலைகுனிய வைத்து, மறுபடி ஷெட்டுக்கே வந்து சேரும். ஆனால் அதைச் சைக்கிளுக்கென்று யாரும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஆட்டுக்காரி மந்தையைக் குறுக்கே ஓட்டியாக வேண்டும். காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் வெட்டிய கட்டைகளைப் பாதைக்குக் குறுக்கே கீழே உருட்டியாக வேண்டும். அதனால் இடத்துக்கு இடம் கம்பியில் ஒரு பெயிண்ட் டப்பா மூடி தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. முதலில் போகிறவர் சிவப்பைத் திருப்பி வைப்பார். ஆள் வருகிறது, பொறுங்கள் என்று அர்த்தம். கடைசியில் வரும் வாலு வெள்ளையைத் திருப்புவார். எல்லோரும் போயாச்சு, இனி உங்கள் பாடு.

வாலு திருப்பிய மூடியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. "எனக்குப் பின்னாடி காத்து மட்டும்தான் வரும்" என்று மார்தட்டுவார். அதனாலேயே அவர் திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் பார்க்க என்ன இருக்கிறது?

ஷெட் அவருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன். ஷெட்டின் பின்னறையில் மனைவிக்கு வேலை, வாடகை ஹெல்மெட்டுகளைக் கழுவுவது. கண்டவன் தலை வியர்வையையும் குடித்து ஊறிய உள் பஞ்சுகளைப் பிய்த்தெடுத்து, சோப்புத் தண்ணீரில் கசக்கி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பாள். கொடி முழுக்கக் கறுப்புப் பஞ்சுகள் காது காதாகத் தொங்கும். "இத்தனை காது இருந்தும் நான் சொல்றத ஒண்ணாவது கேக்குதா பாருங்க" என்பாள்.

ஒருநாள் அவளும் சைக்கிள் பழக வேண்டும் என்று கேட்டாள். தலையில் பாதி நரைத்த பிறகு வந்த ஆசை. வாலு சிரிக்காமல், "பழகலாம். ஆனா உன்ன ஏத்தினா சைக்கிள் லீவு கேக்குமே" என்றார். மெக்கானிக் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. விஷயம் அதோடு முடிந்தது என்று வாலு நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் சேட்டைக்காரர் தான் ஒருவர்தான் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கூட்டத்தோடு காட்டுக்குள் போயிருந்த மதியங்களில் அண்ணனும் தங்கையும் வயல் ஓரத்தில் ஒரு நீலச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். விழுந்தாள். முட்டியில் மண்ணெண்ணெய் தேய்த்துக்கொண்டாள். வீட்டில் கேட்டபோது படியில் வழுக்கிவிட்டது என்றாள். ஓரளவு பிடிபட்டதும், பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து மணியைக் கழற்றி நீலச் சைக்கிளில் மாட்டினாள். மலைச் சைக்கிளில் யாரும் மணி வைப்பதில்லை. மலையில் யாருக்கும்மா மணி அடிக்கப் போறே என்று அண்ணன் கேலி செய்தார்.

"அடிக்க வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காருல்ல" என்றாள்.

திட்டம் அவளுடையது. கூட்டம் கிளம்பியதும் வாலுவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போவது. முழுப் பாதையும் சுற்றி வந்து, ஷெட் வாசலில் அவர் முதுகுக்குப் பின்னால் மணியை அடித்து, "வாலுக்காரரே, நான்தான் கடைசி" என்று சொல்வது. அந்த ஒரு வரியை அவள் அண்ணன் எதிரில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாளாம்.

அன்று ஆடு மேயும் சரிவில் வாலுவின் பின்னால் ஒரு மணிச் சத்தம் கேட்கத்தான் செய்தது. கல்லில் சைக்கிள் குதித்த குலுக்கலில் அது தானாக அடித்திருக்கும். ஆட்டின் கழுத்து மணி என்று வாலு மிதித்துக்கொண்டே போனார். பைன் காட்டு மூடியை வழக்கம்போல வெள்ளைக்குத் திருப்பினார்.

கட்டை உருளும் சத்தம் அவருக்குத் தாலாட்டு மாதிரி பழகியது. தடதடவென்று தொடங்கி, கீழே ஓடைக்கரையில் போய்ச் சொத்தென்று முடியும். அன்று நடுவழியில் நின்றது. ரயில் பாலத்தடியில் இருந்தவர் அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். மரம் வெட்டுகிறவர்களின் மேஸ்திரி வாசலில் உட்கார்ந்து, எங்கள் கையால் ஒரு உயிர் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டே அந்தத் திட்டத்தையும் அந்த ஒரு வரியையும் சொல்லி முடித்தார். ஒரு வார்த்தை உங்களிடம் சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தவரால் அதற்கு மேல் போக முடியவில்லை. கொடியில் அவள் கடைசியாகப் போட்ட பஞ்சுகள் காய்ந்து விறைத்துத் தொங்கின. யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

வேலைக்குத் திரும்பிய வாலுவுக்குக் கை மூடிவரை போகும், திருப்ப வராது. கூட்டம் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், இவர் மறுபடி ஏறிக் குவாரிவரை பார்த்துவிட்டு இறங்குவார். மூடி சிவப்பாகவே இருக்கும். இன்னொரு தரம் ஏறுவார். மேலே மரம் வெட்டுகிறவர்கள் கோடாரியை ஊன்றிக்கொண்டு பொழுது சாயும்வரை காத்திருப்பார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை என்பதுதான் மச்சானைக் குடைந்தது. பிள்ளைகுட்டிக்காரர்கள், எத்தனை நாள் சும்மா நிற்பார்கள்?

"மாப்பிள்ள, நாளைக்கும் இப்படின்னா நீங்க கவுண்டர்ல உக்காந்துக்கங்க. வாலுக்கு வேற ஆளப் போடறேன்" என்றார்.

வாலு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவ எனக்குப் பின்னாடிதான் வந்தா மச்சான். என்னக் கொண்டுபோய் முன்னாடி உக்கார வெச்சா எப்படி?" என்றார்.

மறுநாள் காலை ஷெட் வாசலில் வாலுவின் மகள் நின்றாள். டவுனில் பேக்கரியில் வேலை அவளுக்கு. லீவு போட்டிருந்தாள், முழங்கையில் மாவு மட்டும் லீவு எடுக்காமல் ஒட்டியிருந்தது. கையில் அந்த நீலச் சைக்கிள். சாக்குக்கு அடியில் கிடந்ததை இழுத்து, மெக்கானிக்கை நச்சரித்துச் சக்கரம் மாற்ற வைத்திருந்தாள். ஹேண்டில் இன்னும் கொஞ்சம் கோணல்.

"நீங்க போங்கப்பா. உங்களுக்குப் பின்னாடி நான் வர்றேன்."

"எனக்குப் பின்னாடி யாரும் வரக்கூடாது."

"வந்து நின்னாச்சு. என்ன பண்றதா உத்தேசம்?"

சேட்டை அப்பாவுடையது, பிடிவாதம் அம்மாவுடையது. இரண்டும் சேர்ந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கும்போது வாலு என்ன செய்வார்? கிளம்பினார்.

வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டு தரம் முள்ளுக்குள்ளேயே இறங்கினார். முன்னால் போனவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பைன் காட்டுக்கு வந்ததும் இறங்கி, மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"மேல யாராவது இருக்காங்களாம்மா?"

"இல்லப்பா."

"குவாரி வளைவுல?"

"இறங்கிப் பாத்தேன். இல்ல."

"ஆட்டுச் சரிவுல? மணிச் சத்தம் கேட்டுச்சே."

மகள் சைக்கிள் மணியைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஆடுதான்பா. பக்கத்துல போய்ப் பாத்துட்டேன். நல்லாப் பாத்துட்டேன். யாரும் இல்லப்பா."

அவர் தலையாட்டினார். இன்னொரு தரம் கேட்க வாயெடுத்து விட்டுவிட்டார். மூடியைத் திருப்பினார். மேலே உடனே சத்தமில்லை. அவர்களுக்கும் கை வரவில்லை. கடைசியில் வாலுதான் கையை உயர்த்தி ஆட்டினார். கட்டை தடதடவென்று இறங்கி, பாதையைக் கடந்து, ஓடைக்கரையில் போய்ச் சொத்தென்று விழுந்தது. முழுச் சத்தமும் கேட்டு முடிகிறவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. மகள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தடியில் இருவரும் தலைகுனிந்து வந்தார்கள். ஷெட் வாசலில் மச்சான் நின்றிருந்தார். வாலு இறங்கிச் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது.

அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் அடிக்கட்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.