பாழ்த்தாள்

பக்கவாதம் வந்து போனபின் வந்தனாவிடம் மிஞ்சிய பேச்சில் பெயர்ச்சொற்கள்தான் பெரும்பாலும் இல்லை. நடை முழுதாகத் திரும்பிவிட்டது, வலது கை பாதி திரும்பியிருந்தது. ஆனால் செம்பூர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, "அந்த... மாவு... இப்படி இப்படி ஆட்டுவோமே, அது" என்பாள். கணவன் நாணு ஹாலிலிருந்து ஓடி வருவான்.

"முறமா? சல்லடையா? சல்லடைதானே?"

சல்லடைதான். ஆனால் சொல் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் இருக்காது. "நீங்கோ சொல்லாதேங்கோ" என்பாள். அந்த வாக்கியம் மட்டும் தடங்கலே இல்லாமல் வரும்.

காத்திருக்கத்தான் பேச்சுப் பயிற்சி தந்த பெண்ணும் சொல்லியிருந்தாள். நாணு இன்ஷூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பார்க்கிறவன். காலியாக ஓர் இடத்தைக் கண்டால் நிரப்பாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

வந்தனாவின் வேலையே சொற்கள்தான். விக்ரோலியில் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தாள். பிரஷர் மெஷின் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் பிரிக்காமல் டப்பாவிலேயே விட்டுவிடுவது, அதை எழுதுகிறவள். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. தன் லாப்டாப்பில் தனக்கென்று ஒரு விக்கி வைத்திருந்தாள். முறுக்குக்கு ஒரு பக்கம், அதிலிருந்து மாட்டுங்கா மளிகைக்கடைக்கு ஒரு இணைப்பு, அங்கிருந்து பாலக்காட்டு அத்தை வீட்டுக்கு இன்னொன்று என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான பக்கங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதைத் திறந்தாள். எழுதுவதற்கு பிரவுசரில் இருந்தது சின்னக் கட்டம். ஓர் எழுத்தை அடிப்பாள், அடுத்தது வராது, கட்டம் வெறுமனே மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை மூடிவிட்டு, பக்கங்கள் கோப்புகளாகக் கிடந்த ஃபோல்டரைத் திறந்து, இடது கையாலேயே மொத்தத்தையும் தான் ஆபீசில் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் மென்பொருளில் ஏற்றினாள்.

"எதையாவது அழிச்சுடப் போறே" என்றான் நாணு.

"இல்லே."

'சல்' என்று அடித்தாள். எடிட்டர் எல்லாப் பக்கங்களையும் துழாவி, அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களைக் கீழே வரிசையாகக் காட்டியது. எல்லாம் அவளே எப்போதோ எழுதியவை. அவள் மெதுவாக ஒன்றின்மேல் விரல் வைத்தாள்.

"சல்லடை" என்றாள். பிறகு இன்னொரு தடவை, நாணுவைப் பார்த்துக்கொண்டே, "சல்லடை."

அன்றிலிருந்து தினமும் அதுதான் வேலை. முதல் எழுத்தும் வராத நாளில் 'மாவு' என்று தேடுவாள், மாவு இருக்கிற பக்கங்களெல்லாம் வரும், அவற்றுக்குள் வேண்டியது இருக்கும். சில சமயம் வாயில் வேறொன்று வரும். தாழ்ப்பாள் என்பதற்கு 'பாழ்த்தாள்' வந்தது, நகவெட்டிக்கு 'நவகெட்டி'. வந்ததை வந்தபடியே அந்தந்தப் பக்கத்தில் எழுதிவைத்தாள்.

நாணுவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் மதியம் அவள் தூங்கும்போது லாப்டாப் முன் உட்கார்ந்தான். தேடு, மாற்று, எல்லாவற்றையும் மாற்று. பாழ்த்தாள் தாழ்ப்பாளாயிற்று, நவகெட்டி நகவெட்டியாயிற்று. ஒரு பிழை விடாமல் திருத்திவிட்டு, திருப்தியாக டீ போட்டான்.

சாயங்காலம் வந்தனா 'பாழ்' என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை. 'நவ' என்று அடித்தாள். அதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். நாணு ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"தப்பா இருந்துது, சரி பண்ணினேன்" என்றான்.

"எனக்கு அப்படித்தான் வரும்." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அப்படி வந்தாத்தான் நான் உள்ளே போக முடியும். என் தப்பு எனக்கு வேணும்."

நோய்க்குப் பிறகு அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அவள் அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை. எழுதுகிறவள் பிரதி எடுத்துவைக்காமல் இருப்பாளா? முந்தின நாள் பிரதியைத் தேடி எடுத்து, நாலைந்து தட்டலில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். இத்தனை மாதமாகத் தான்தான் இவளைத் தாங்கிப் பிடிப்பதாக நினைத்திருந்த நாணு, அந்த ஒற்றைக் கையின் வேகத்தைப் பார்த்தபடி நின்றான்.

அடுத்த வாரம் சஃப்ரீன் வந்தாள். தாராவிக்காரி. கம்பெனியில் வந்தனாவின் கீழ் வேலைக்குச் சேர்ந்து, இப்போது புத்தகம் எழுதும் பிரிவையே பார்க்கிறவள்.

"அக்கா, நெபுலைசருக்குத் தமிழ்ல புத்தகம் வேணும்" என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. ஒங்களுக்கு முடியும்போது எழுதுங்க. முடியலன்னாலும் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

வந்தனா இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சில் ஏற்றும் அந்தக் கருவியின் ஒவ்வொரு பாகத்தின் பெயரோடும் அது என்ன செய்யும் என்பதையும் எழுதினாள், பெயர் மட்டும் போதாது என்பது அவளுக்குத் தெரியுமே. 'மாஸ்க், அதாவது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் கிண்ணம்' என்றிருந்தது முதல் பக்கத்தில். படித்துவிட்டு சஃப்ரீன், இந்திப் புத்தகத்தையும் இதே மாதிரி மாற்றச் சொன்னாள். அதற்கான கூட்டத்துக்கு வந்தனா தனியாகவே கிளம்பினாள், குர்லாவில் ட்ரெயின் மாறி.

நாணு மனது கேளாமல் மாலையில் அழைத்துவரப் போனான். பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வந்தனா பேச்சின் நடுவே ஒரு சொல்லுக்காக நின்றிருந்தாள். இடது கை விசைப்பலகையில். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சும்மா காத்திருந்தார்கள். 'குழாய்' என்று நாணுவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"மூச்சு" என்றாள் வந்தனா. "நோயாளி மூச்சு எப்படி விடணும்னு முதல் பக்கத்திலேயே சொல்லணும்."

சஃப்ரீன் தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். வெளியே நாணு, தான் நினைத்தது குழாய் என்பதை எண்ணி மெல்லச் சிரித்தான்.

படி இறங்கும்போது வந்தனா சொன்னாள். "மறுபடி சேர்ந்துட்டேன். வாரத்துக்கு மூணு நாள்."

"ட்ரெயின்ல கூட்டமா இருக்குமே."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவனுக்கு முன்னால் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.